நாற்பத்தொன்றாம் எண் மரம்

ஹனூருக்கு மேற்கே உள்ள கரட்டுக்கு, அந்தக் கல்லுக் குன்றுக்கு, நான்தான் காவல். என் பெயர் வடிவு. 1996 வரை ஆறு வருடமாக அங்கே ஆடு ஏறவில்லை, அரிவாள் படவில்லை, தீ விழவில்லை. யாரும் ஒரு கன்றுகூட நடவில்லை. வெட்டுப்பட்ட கட்டைகள் தாமாகவே துளிர்த்து என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. மைசூரிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரர்கள் மரங்களுக்கு எண் எழுதி, வருடா வருடம் பங்குனியில் நாடா வைத்துச் சுற்றளவு எடுப்பார்கள். காற்றில் கிடக்கும் கரியை மரம் இழுத்துத் தன் உடம்பிலும் மண்ணிலும் சேர்த்து வைக்கிறதாம். கொளுத்தினால் திரும்பக் காற்றுக்கே போய்விடுமாம். என் வாழ்க்கையில் நான் சேர்த்து வைத்தது அது ஒன்றுதான்.

அந்த வருட மாசியில், பட்டப்பகலில், என் அண்ணன் சென்னப்பன் தீப்பெட்டியோடு வந்தார். கரட்டைக் கொளுத்தினால் ஆடுகளுக்குப் புதுப்புல் வரும் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

“வேண்டாங்ண்ணா. போயிருங்க.”

“கணுக்கால் ஒசரந்தான் எரியும். சின்னதுல நாம தாண்டிக் குதிச்ச தீதான புள்ள,” என்றபடி குச்சியைக் கிழித்துப் போட்டார்.

அது மொட்டைக் கரட்டுத் தீ. இப்போது ஆறு வருடச் சருகு கிடந்தது. தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. எனக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம். கையிலிருந்த காவல் தடியை ஓங்கி அவர் முழங்காலில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தவரைத் திரும்பிப் பார்க்காமல், பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு மரங்கள் பக்கம் ஓடித் தீயை அடித்தேன்.

காற்று திரும்பியது. “வடிவு, காலு வரல, இழுத்து உடு,” என்று அண்ணன் கத்தினார். இன்னும் நாலு அடி அடித்தால் மரங்கள் பக்கம் அணைந்துவிடும். நாலையும் அடித்துவிட்டுத்தான் போனேன். அதற்குள் வேட்டி எரிந்து தோலோடு ஒட்டியிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துக் கெம்பையன் ஓடி வந்தார். ரோடு வரை தூக்கிப்போக இரண்டு கழி வேண்டும். அவர் அரிவாளைப் பிடுங்கி நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும் நானே வெட்டினேன். என் சேலையை அதில் கட்டித் தூக்கினோம்.

கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரிடம், “தவறி உழுந்துட்டனுங்க,” என்று சொன்னார் அண்ணன். மூன்றாம் நாள் செத்துப்போனார்.

பங்குனியில் நாடாக்காரர்கள் வந்தார்கள். “நாற்பத்தொன்று எங்கே? நாற்பத்திரண்டு எங்கே?”

“நாந்தானுங்க வெட்டினேன்.”

எழுதிக்கொண்டார்கள். நான் செய்ததில் அந்த ஒன்றைத்தான் என்னிடம் கேட்டார்கள்.