அண்ணன் கொடுத்த கார்புரேட்டர்

புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவள் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். சின்ன எஞ்சின் எதற்கு முனகுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஆனால் கணவன் தன் சைக்கிளுக்கு எஞ்சின் பொருத்தியபோது யோசனை கேட்டது துணிக்கடையில் வேலை பார்க்கும் தன் அண்ணனிடம்தான்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் ஒன்றை அவர் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கொண்டுவந்தார். “வாய் பெருசா இருந்தாத்தான் வண்டி பறக்கும்.”

“இந்த எஞ்சினுக்கு இது ரொம்பப் பெருசு. காத்தை வேகமா இழுக்காது, பெட்ரோல் ஒழுங்கா ஏறாது,” என்றாள் அவள்.

“நீ சும்மா இரு,” என்றான் கணவன்.

ஒரு வாரம், ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வண்டி திணறி நின்றது. மேட்டில் மிதித்து மிதித்து அவனுக்கு நாக்குத் தள்ளியது. பார்க்கப் பொறுக்காமல், அவன் வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் கேட்டு வாங்கிய சின்னக் கார்புரேட்டரை மாட்டினாள். மறுநாள் வண்டி மேட்டில் அலுங்காமல் ஏறியது.

“அண்ணன் சொன்னது சரிதான். ஓட ஓடப் பழகிடுச்சு,” என்று சாயங்காலம் கணவன் பூரித்துப்போனான். பக்கத்தில் அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் கழற்றிய கார்புரேட்டரை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“கழட்டுறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றான் கணவன்.

தன்னிடம் ஒரு வார்த்தை கேட்க இவனுக்கு இனி ஒருநாளும் தோன்றப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.