அண்ணனின் கையெழுத்து

...நாற்பத்தேழாவது வரி, ஆமாம், அவன் பெயரேதான், எழுத்துப்பிழைகூட இல்லை, அப்பா பெயர், பிறந்த வருடம், தெரு, எல்லாம் சுத்தமாகத் தட்டச்சு செய்து அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறார்கள், காணாமல் போனவர் பட்டியலில் தன் பெயரைத் தானே நின்று படிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும், சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான், பக்கத்தில் தங்கை நிற்கிறாள். பதினொரு வயதில் ரெட்டைப் பின்னலோடு விட்டுவிட்டுப் போனவள், இப்போது காதோரம் நரைத்து, கண்ணுக்குக் கீழே கருத்து... விமான நிலையத்தில் அவளை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டான், அவள்தான் பின்னாலேயே ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "பார்த்தாச்சா சின்னண்ணா? வா, நம்ம நம்பர் வந்துடும்," என்றாள், அவனும் போனான்.

அன்றைக்கு அவர்கள் தேடி வந்தது இவனைத்தான். பெரிய வீரம் ஒன்றுமில்லை, கல்லூரிச் சுவரில் யாரோ துண்டுத்தாள் ஒட்டினார்கள், இவன் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான், அதற்கு ஒரு ஜீப்பும் ஆறு ஆட்களும்! அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தான், ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை, இவன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள், "நான்தான்" என்றான் அண்ணன், தபால்காரருக்குச் சொல்வது மாதிரி, துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டே. கதவுக்குப் பின்னால் நின்ற இவனுக்கும் வாசலுக்கும் நடுவே எத்தனை எட்டு? மூன்று. நாலாகவே இருக்கட்டும். ஏன் எடுத்து வைக்கவில்லை, கால் இல்லையா, வாய் இல்லையா... அடுத்த வாரம் வெளிநாட்டு வேலைக்குப் போக அண்ணனுக்கு விசா குத்தி பாஸ்போர்ட் அலமாரியில் இருந்தது, இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை, அப்பாதான் எடுத்துக் கையில் திணித்தார், "விசாரிச்சுட்டு ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கடா, நீ முதல்ல கிளம்பு." விட்டார்கள், நன்றாக விட்டார்கள், இருபத்துநான்கு வருடம் கழித்துச் செங்கல் சூளைக்குப் பின்னால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா அவருக்கும் முன்னாலேயே.

குமாஸ்தா காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். தங்கையின் எச்சிலை எடுத்து எலும்போடு பொருத்திப் பார்த்தாகிவிட்டது, கூடப்பிறந்தவன்தான், சந்தேகமே இல்லை, பெட்டி பக்கத்து அறையில், பெட்டியின் மேல் இவன் பெயர். இவன் பெயரிலேயே வாங்கிக்கொண்டு போய் இவன் பெயரிலேயே புதைக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. "அண்ணனை அண்ணன் பேர்ல புதைக்கணும், நீ வந்து எழுதிக் குடு," என்று தங்கை மூன்று வருடமாகத் தொலைபேசியில் அழுதாள். எழுதிக் கொடுத்தால்? பிழைக்கப் போன நாட்டில் இவன்தானே அண்ணன், பேருந்துப் பணிமனையில், குடியுரிமைத் தாளில், கல்யாணப் பதிவில், எல்லாவற்றிலும் அண்ணன் பெயர்தான். "உண்மையைச் சொல்லுங்க, வேணாங்கல, அப்புறம் நம்ம பொண்ணு யார் பொண்ணுன்னு எழுதுவாங்க?" என்று மனைவி கேட்டாள், அவன் பயணப் பெட்டியைக் கட்டினான். போகட்டும், எது வேண்டுமானாலும் போகட்டும், ஒரு தடவையாவது அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தால் போதும்... எழுதினான். காணாமல் போனவர் நானல்ல, என் அண்ணன், நான் உயிரோடு இருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினான்.

குமாஸ்தா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு முறை படித்தார். "சார், காணாமப் போனவர் உங்க அண்ணன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்தும் அவரே போட்டிருக்காரே?" அட கடவுளே... பார்த்தான், அண்ணனின் கையெழுத்துத்தான், கடைசி எழுத்தின் வால் மேலே ஏறிச் சுழித்து, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு ராத்திரி முழுக்கப் பழகியது, பிறகு சம்பளத் தாள், வாடகைப் பத்திரம், மகளின் மதிப்பெண் அட்டை என்று கை அதையே போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தன் கையெழுத்து எப்படி இருக்கும்? பத்தொன்பது வயதில் அப்படி ஒன்று ஒழுங்காக உருவாகவே இல்லையே. "பரவாயில்ல, வேற ஃபாரம் தர்றேன், இதைக் கிழிச்சுப் போட்டுடலாம்," என்றார் குமாஸ்தா. "கிழிக்காதீங்க!" தங்கை எழுந்தே விட்டாள், தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள், வால் சுழிக்கிற இடம் வரைக்கும் தடவினாள், பிறகு நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நாளைக்கு வரலாமா, சின்னண்ணா?"

நாளைக்கா? மூன்று வருடம் நச்சரித்தவள், ஒரு கையெழுத்து பாக்கி இருக்கும்போது, நாளைக்கா... அவள் முகம் அவன் பக்கம் இல்லை, மடியிலிருந்த பையின் மேல் இருந்தது. அவள் எழுதிய கடிதங்கள். மாதம் ஒன்று தவறாமல் எழுதுவாள், எல்லாமே அன்புள்ள பெரியண்ணாவுக்கு, தபாலை அரசாங்கம் பிரித்துப் படிக்கிற காலம், கெட்டிக்காரி, சாமர்த்தியமாக எழுதுகிறாள் என்று மெச்சிக்கொண்டான். கடைவாய்ப் பல் வலி தேவலையா, இன்னும் தூக்கத்தில் பேசுகிறாயா, நீ சொல்லிக்கொடுத்த கணக்கில் நான்தான் முதல் மார்க்... இவனுக்குப் பல் வலித்ததே கிடையாது, அவளுக்கு ஒரு கூட்டல்கூடச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. தேவலை, இப்போது பேசுவதில்லை, ரொம்பச் சந்தோஷம் என்று ஒன்றுவிடாமல் பதில் எழுதி, கீழே இதே கையெழுத்தைத்தான் போட்டு அனுப்பினான், இத்தனை வருடமும். குமாஸ்தா புதுப் படிவத்தை அவன் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான், தங்கையைப் பார்த்தான், இதில் தன் பெயரைப் போட்டுவிட்டால் அவளுக்குப் பெரியண்ணாவாகப் பதில் எழுத இனி யாரும் இல்லை.