இருவருக்கும் மாலை

கிளிஃபர்ட் சிங்கப்பூருக்கு வந்து அறுபது வருடம் ஆகப்போகிறது. இன்னமும் வீட்டைவிட்டுக் கீழே இறங்கினால் யாராவது ஒருவன் ‘வெல்கம் டு சிங்கப்பூர், சார்’ என்கிறான். ரிக்‌ஷாக்காரன் ஏறச் சொல்கிறான். மருதாணி போடுகிற பெண் கையை நீட்டச் சொல்கிறாள். எண்பத்திரண்டு வயதுக் கையில் மருதாணி போட்டால் புள்ளிகளோடு சேர்ந்து உலகப்படம் மாதிரி இருக்கும் என்று ஒருநாள் அவளிடம் தமிழில் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, பயந்துவிட்டாள்.

அவர் தமிழ் செம்பவாங் கப்பல் பட்டறையில் கற்றது. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்கு ஃபிட்டராக வந்தவர். தளத்தைக் காலி செய்துகொண்டு மற்ற வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது அவர் ஏறவில்லை. காரணம், பட்டறை அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த வள்ளிநாயகி என்கிற யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். கல்யாணம் ஆனதும் அவள் போட்ட முதல் சட்டம், விருந்தாளிகள் முன்னால் அவர் தமிழ் பேசக்கூடாது என்பது. பட்டறைத் தமிழில் பாதிக்குமேல் வசவு.

அவள் போன வருடம் செத்துப்போனாள். பிள்ளைகள் இல்லை. பஃபலோ ரோடு அடுக்குமாடியில் கிளிஃபர்ட் தனியாக இருந்தார். மூட்டு இரண்டும் செயற்கை, பல் செயற்கை, கண்ணில் லென்ஸ் செயற்கை. ஒரிஜினலாக மிச்சமிருக்கிற பாகங்கள்தான் தொல்லை கொடுக்கின்றன என்று டாக்டரிடம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். டாக்டரும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

ஆறு மாதம் முன்பு ஒருநாள் கேஸ் அடுப்பை மூடாமல் காப்பி குடிக்கப் போய்விட்டார். கெட்டில் உருகிவிட்டது. எதிர்வீட்டுச் சந்திரமதி புகையைப் பார்த்து எல்லோரையும் கூப்பிட்டாள். வள்ளிநாயகியின் அண்ணன் மகன் கீதன் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஓடிவந்தான். அவன் வீட்டுப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டே வந்திருந்தான்.

“மாமி திவசம் வரைக்கும் பார்ப்போம் மாமா. அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்” என்றான்.

அன்றிலிருந்து கிளிஃபர்டுக்குத் திவசம் ஒரு பரீட்சை. எல்லாவற்றையும் தானே, தப்பில்லாமல் செய்து காட்டிவிட வேண்டும். காட்டிவிட்டால் இன்னொரு வருடம் சொந்தக் கட்டிலில் படுக்கலாம். இல்லாவிட்டால் இல்லம்தான். அங்கே மத்தியானத்தில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பந்து எறியச் சொல்வார்களாம். பந்தைப் பிடிப்பதை நாற்பது வயதிலேயே விட்டுவிட்டவர் அவர்.

அவள் செத்த தேதி வியாழக்கிழமை வந்தது. கீதனையும் அவன் மனைவி சிவதர்ஷினியையும் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். திவசம் என்று சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தார்.

காலையில் படம் வாங்கப் போனார். டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோ, கல்லாவில் முனீரா என்கிற பெண். கல்யாணமான புதிதில் செம்பவாங் கடற்கரையில் இருவரும் நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருந்தார். அவர் கை வள்ளிநாயகியின் தோளில் இருக்கும். அவள் அந்தக் கையைக் கவனிக்காதது போல நடிப்பாள்.

முனீரா காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். படத்திலேயே மாலை அச்சடித்திருந்தது. வள்ளிநாயகிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. கீழே தீபம்.

“இதுல யாரும்மா செத்தது?” என்றார் கிளிஃபர்ட்.

“நீங்கதானே அங்கிள் ரெண்டு மாலை கேட்டீங்க.”

“நானா?”

“ஆமாலா. ‘ரெண்டு கழுத்துக்கும் போட்டுடு, எனக்குன்னு தனியா இன்னொரு தடவை அலைய வேணாம்’னீங்க. அப்படிப் பேசாதீங்க அங்கிள்னு நான்கூட சொன்னேன்.”

தப்பு செய்கிற கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான் என்று கிளிஃபர்ட் நினைத்துக்கொண்டார். வாடிக்கையாளருக்கு வயதாகிவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

“என்னை மட்டும் உயிரோட விட்டுடு.”

“எடுத்துடலாம் அங்கிள். நாளைக்குத்தான் கிடைக்கும்.”

“நாளைக்கு ஆகாது. திவசம் இன்னைக்கு.”

படத்தை அப்படியே வாங்கிக்கொண்டார். தேக்கா சந்தையில் வாழையிலை, வாழைக்காய், பூசணிக்கீற்று, வடை வாங்கினார். பூக்கடையில் தடிமனான மல்லிகைச் சரம் ஒன்று. வீட்டுக்கு வந்து படத்தைச் சுவரில் மாட்டி, சரத்தைக் கோணலாக இழுத்துத் தன் பாதியின்மேல் விட்டார். இளவயது கிளிஃபர்டின் முகம் பூவுக்குப் பின்னால் போயிற்று. மோசமில்லை.

சமையல் முடிய இரண்டு மணிநேரம். ஒவ்வொரு தடவையும் அடுப்பை மூடிவிட்டுக் குமிழைத் தொட்டுப் பார்த்தார். சாவிக் கிண்ணத்தில் காய்ந்த புல்லால் முடிந்த மோதிரம் ஒன்று கிடந்தது. சந்திரமதியின் பேத்தி செய்ததாக இருக்கும். எடுத்துக் குப்பையில் போட நினைத்தார். அதற்குள் மணி அடித்தது.

கீதன் உள்ளே வந்தான். தலைவாழையிலை, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை, விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் பார்த்தான். சிவதர்ஷினி செருப்பைக் கழற்றியவள் வாசலிலேயே நின்றாள்.

“என்ன மாமா இது?”

“உங்க மாமிக்குத் திவசம். நானே சமைச்சது. வெள்ளைக்காரன் வைச்ச கறின்னு யோசிக்காதே. அவ சொல்லிக்குடுத்த கைப்பக்குவம்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அப்படிப் பார்த்துக்கொண்டால் என்ன அர்த்தம் என்று ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியும்.

“அங்கிள், உட்காருங்க முதல்ல” என்றாள் சிவதர்ஷினி.

“தேதி தப்பா? அவ போனது இந்தத் தேதிதான்.”

“தேதி சரி மாமா. நாங்க திதிதானே பார்ப்போம். அது போன வாரமே வந்துடுச்சு. கேலாங் சிவன் கோயில்ல செஞ்சோம்.”

கிளிஃபர்டுக்குக் கோபம் வந்தது. பட்டறைத் தமிழ் நாக்கு நுனிவரை வந்தது. “எனக்குச் சொல்லாம செஞ்சீங்களா? புருஷன் நான் இருக்கேன்.”

கீதன் தரையைப் பார்த்தான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னான்.

“நீங்க வந்தீங்க மாமா. நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். ஐயர் உங்க விரல்ல தர்ப்பை மாட்டிவிட்டாரு. நீங்கதான் எள்ளும் தண்ணியும் விட்டீங்க. மோதிரம் ரொம்ப டைட்டா இருக்கு, இன்னொரு கல்யாணமான்னு கேட்டீங்க. ஐயரே சிரிச்சுட்டாரு.”

கிளிஃபர்ட் சாவிக் கிண்ணத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்காதது போல இருந்தார்.

“அன்னைக்கு அவ்வளவு நல்லா இருந்தீங்க” என்றான் கீதன். “திரும்பி வர்றப்போ நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். இன்னும் ஒரு வருஷம் அவர் வீட்டுலேயே இருக்கட்டும்னு. அதைச் சொல்லலாம்னுதான் இன்னைக்கு வந்தோம்.”

பரீட்சை போன வாரமே முடிந்திருக்கிறது. அவர் பாஸ் பண்ணியிருக்கிறார். யாரும் கேட்காமலே மறுபடி எழுதி, இப்போது ஃபெயில்.

சிவதர்ஷினி சமையலறைக்குப் போனாள். அடுப்புக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. எல்லாம் மூடித்தான் இருந்தது. அது இனிமேல் ஒரு சாட்சியாகாது என்று கிளிஃபர்டுக்கு விளங்கியது.

“அந்த இடத்துல பந்து எறியச் சொல்வாங்களாமே” என்றார்.

“வேணாம்னா எறிய வேணாம் மாமா.”

“எப்போ?”

கீதன் வாழையிலையின் ஓரத்தை இழுத்து நேராக்கினான். அடுத்த வருடம் என்று சொல்லவில்லை.

கிளிஃபர்ட் எழுந்து படத்தருகே போனார். மல்லிகைச் சரத்தை எடுத்து வள்ளிநாயகியின் பக்கம் தள்ளினார். அவருடைய அச்சடித்த மாலை வெளியே வந்தது. சமையலறையிலிருந்து வந்த சிவதர்ஷினி அதைப் பார்த்துவிட்டு, “ஐயோ அங்கிள், இது என்ன அபசகுனம்” என்றாள்.

“நான் போடச் சொன்னதுதான்.”

ரெண்டு கழுத்துக்கும் போட்டுடு, எனக்குன்னு தனியா இன்னொரு தடவை அலைய வேணாம். அவர் பேச்சு மாதிரிதான் இருந்தது. அவரைத் தவிர வேறு யாரும் அந்தக் கல்லாவில் நின்று அப்படிச் சொல்லியிருக்க முடியாது. எந்த நாள், என்ன சட்டை, வாய் எப்படிக் கோணிற்று, எதுவும் நினைவில்லை. வேறு எவனோ ஒருவன் சொல்லிவிட்டுப் போன வாக்கியம்போலத் தோன்றியது. கெட்டிக்காரன்தான் அவன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மற்ற இருவரும் சிரிக்கவில்லை. மருதாணிக்காரி பார்த்த மாதிரியே பார்த்தார்கள்.

“உட்காருங்க” என்றார் கிளிஃபர்ட். “உப்பு சரியா இருக்கான்னு பாருங்க. போட்டேனான்னு எனக்கு நிச்சயமில்லை.”