பாதிச் சூடு

கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் எருவேரா உட்கார்ந்திருந்தான். எதிரே மின்னடுப்பு, அதன்மேல் செம்புக் கழுத்து வைத்த எஃகுப் பானை. உள்ளே புளித்த ஃபெஜோவா பழச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. 'டிக்' என்று அடுப்புத் தட்டு சூடேறினால் குழாய் வழியே சாராயம் கலங்கலாகக் கொட்டும்; அடுப்பின் குமிழைத் திருகிக் குறைப்பான். மறுபடி 'டிக்'. தட்டு அணைந்து, ஓட்டம் நின்றுவிடும், கூட்டுவான். காலையிலிருந்து இதே வேலை.

முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த அவன் மனைவி நைரி வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்ன கருகுற நாத்தம்?"

"அடிப்பிடிச்சிருக்கும்."

அவள் பானையைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். இடது கையின் இரண்டு விரல்கள் தட்டின் ஓரத்தில் சாய்ந்திருந்தன. பாய்ந்து கையை இழுத்தாள்.

"வலிக்கலையா உனக்கு?"

"எது?" என்று கேட்டுவிட்டுத்தான் அவன் குனிந்து பார்த்தான்.

குழாய்த் தண்ணீரில் அந்தக் கையை வெகுநேரம் பிடித்திருந்தாள். மீசை முளைத்த நாளிலிருந்து பைன் காடுகளில் இயந்திர ரம்பம் பிடித்த கை. ரம்பத்தின் அதிர்வு இரண்டு கைகளின் நரம்பையும் தின்றுவிட்டது. குளிர் வந்தால் விரல்கள் மெழுகாக வெளுத்துவிடும். எந்த கான்ட்ராக்டரிடம் இருந்தபோது வந்தது என்று நஷ்டஈட்டு அலுவலகத்தில் கேட்டார்கள். பலரிடம் வேலை பார்த்தவன் அவன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கடைசியில், வயதானாலும் இப்படி வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பானை இருப்பதால்தான் அவன் காலையில் எழுந்திருக்கிறான். நைரிக்கு அது தெரியும். நிறுத்து என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு கொலீனைக் கூட்டிவந்தாள். பால் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவள் கொலீன்.

இணைப்பைப் பிடுங்கி, ஆறிய அடுப்பைக் கவிழ்த்துத் திறந்தாள் அவள்.

"இதுக்கு ரெண்டே புத்திதான். எரிஞ்சா முழுசா எரியும், இல்லேன்னா அணைஞ்சு கெடக்கும். என் வீட்டுக்காரன் மாதிரி."

"அதைத் திருத்த முடியுமாக்கா?" என்றான் எருவேரா.

"அடுப்பையா, அவனையா?"

நைரி சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு எருவேராவும் சிரித்தான்.

அணைத்து அணைத்து எரியவைக்கும் பழைய கட்டுப்பாட்டை விலக்கிவிட்டு, கம்பியை வெளியே ஒரு தகரப் பெட்டிக்குக் கொண்டுபோனாள் கொலீன். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி அதற்குள் இருந்தது. "சூடு மிஞ்சினா தானா அணையுற பாதுகாப்பை மட்டும் நான் தொடல. பெட்டியில ஒரு குமிழ் இருக்கு பாரு. பாதி வெச்சா பாதிச் சூடு, அப்படியே நிக்கும். நீ பக்கத்துல குந்திக் காவல் காக்க வேணாம். தள்ளி உக்காந்து பாத்துக்கிட்டா போதும்."

பானை மறுபடி கொதிக்கத் தொடங்கியது. 'டிக்' சத்தமே இல்லை. முதலில் வந்த கெட்ட பாகத்தை நைரி வெளியே கொட்டினாள். பிறகு குழாய் நுனியில் ஒரு துளி திரண்டது, விழுந்தது, அடுத்தது திரண்டது. கலங்கல் இல்லாமல், பழ வாசனையோடு, ஒரே சீராக.

"அக்கா, இது நல்லாருக்கு" என்றான் எருவேரா.

கொலீன் தன் பங்குக்கு ஒரு குப்பி கேட்டுவிட்டுப் போனாள். செய்ய ஒன்றுமில்லாமல் அவன் கைகள் மடியில் கிடந்தன. சாராயத்தைக் குளிரவைத்துத் திரும்பும் தண்ணீர், ரப்பர் குழாய் வழியே இளஞ்சூடாக இன்னொரு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. நைரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையை எடுத்து அந்தத் தண்ணீரில் பிடித்து, விரல் விரலாக நீவிவிட்டாள்.

"சூடு தெரியுதா?"

அவன் வாளியிலிருந்து எழும் ஆவியைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"தெரியுது. நல்லா இதமா இருக்கு."

வெளியே, துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் பைன் மரங்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கொட்டகையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவன் கையை அவள் விடவில்லை.