மாப்பிள்ளைக் கழுதை

மரக்காணத்துப் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்று 2005 மே மாதம் உப்பள முதலாளி கலியபெருமாள் கண்டுபிடித்தார். ஆபத்து ஒரு வாத்தின் உருவத்தில் வந்திருந்தது.

அந்த வாத்து ஒரு டீச்சர். வெளிநாட்டுக் கார்ட்டூன். அங்கே பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது, தமிழில் பேச ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அது வந்தால் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. டீச்சருக்கு உயிர்த்தோழி ஒருத்தி உண்டு, பேக்கரி வைத்திருக்கும் கரடி. மழை வந்தால் கரடி குடையோடு பள்ளிக்கூட வாசலில் நிற்கும். கரடிக்குக் காய்ச்சல் என்றால் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுவிடும். வருகிற ஞாயிறு இருவருக்கும் கல்யாணம் என்று போன வாரமே அறிவித்துவிட்டார்கள். கேக் எத்தனை அடுக்கு இருக்கும் என்பதுதான் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே சந்தேகம். பெண்ணுக்கும் பெண்ணுக்குமா என்று அதிர்ச்சியடைவதற்குப் பெரியவர்கள் தேவைப்பட்டார்கள்.

நான் அருள்மொழி. பாலகுரு அண்ணன் நடத்தும் கேபிள் டிவியின் கன்ட்ரோல் ரூமில் எனக்கு வேலை. எல்லாச் சேனலும் என் கையைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். படம் ஆடினால் திட்டும் எனக்குத்தான் வரும்.

கலியபெருமாள் மனுவோடு வந்தார். நூற்றுப் பதினாறு கையெழுத்து. சுனாமி வந்து ஐந்து மாதம் ஆகியும் குப்பத்து ஜனங்கள் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு கையெழுத்து வாங்க ஊரில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வாத்துக்கு எதிராக அரை நாளில் நூற்றுப் பதினாறு.

"இத்தப் பாத்தா நாளைக்கு நம்ம புள்ளைங்க என்னா ஆவும், பாலகுரு?"

"அது வாத்துண்ணே."

"வாத்தா இருந்தா? பொம்பள வாத்துதானே? கல்யாணம்னா ஒரு மொற இல்ல?"

பாலகுரு அண்ணனுக்கு வாத்து முக்கியமில்லை, கனெக்ஷன் முக்கியம். "சரிண்ணே, ஞாயித்துக்கெழம அரை மணி நேரம் அத்தக் கட் பண்ணிடறேன். அந்த எடத்துல வேற என்னா போடறது?"

அதையும் கலியபெருமாள் யோசித்து வைத்திருந்தார். "போன வருசம் நாம நடத்துன கழுதக் கல்யாணம் இருக்குதே. அத்தப் போடு. பொண்ணு, மாப்ள, தாலி, மேளம். கல்யாணம்னா இன்னான்னு புள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்."

கலியபெருமாளுக்கு இங்கே உப்பளம், உள்ளே கிராமத்தில் நெல் நிலம். அளத்துக்கு வெயில் வேண்டும், நெல்லுக்கு மழை வேண்டும். இரண்டையும் சாமியிடம் தனித்தனியாகக் கேட்கிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு. போன வருடம் ஆவணியில் மழை கேட்டுக் கிராமத்தில் கழுதைக் கல்யாணம் நடத்தினார். துணி வெளுக்கும் நடராசனிடம் ஒரு ஜோடி கேட்டார்கள், அவர் இரண்டு கழுதை ஓட்டிவந்தார். உயரமாக இருந்ததுதான் மாப்பிள்ளை என்று கலியபெருமாளே முடிவு செய்தார். குனிந்து பார்க்கவில்லை, கௌரவமான மனிதர் அல்லவா. அவர் அளத்தில் உப்பு வாரும் என் அம்மா மாரியம்மாள்தான் கழுதைக்குப் புடவை கட்டினாள். உதைத்துவிடும் என்று ஆண்கள் யாரும் கிட்டப் போகாததால் மாப்பிள்ளைக்கு வேட்டியும் அவளே கட்டினாள். பத்தாம் நாள் மழை பெய்தது. கலியபெருமாள் தாலி எடுத்துக் கொடுக்கும் பத்து நிமிடத்தை மட்டும் வெட்டி நாங்கள் அடிக்கடி ஓட்டுவோம். இப்போது அரை மணி நேரத்தை நிரப்ப வேண்டும் என்பதால், வெட்டாத முழு வீடியோவைப் போடச் சொன்னார் அண்ணன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏனென்றால் அந்த ஞாயிற்றை நான் ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

தனக்கோடியும் அம்மாவோடு அதே அளத்தில்தான் உப்பு வாருகிறாள். நான் அவளைக் கோடி என்று கூப்பிடுவேன். ஊருக்கு நாங்கள் நல்ல சிநேகிதிகள். "இவளுங்கள மாதிரி இருக்கணும்" என்று கலியபெருமாளே எங்களைக் காட்டி மற்றப் பெண்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். எனக்கு அவள்தான் எல்லாம், அவளுக்கு நான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று வருடமாக வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மாவோ எனக்கு வானூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். இதே ஞாயிறு பதினொன்றரைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், தட்டோடு.

அம்மாவுக்கு வாத்து டீச்சர் என்றால் உயிர். ஒரு வாரம் தவறவிட மாட்டாள். டீச்சருக்குக் கரடியோடு கல்யாணம் என்று கேட்டபோது, "நல்லதாப் போச்சு. தனியா கெடந்து என்னா பண்ணும்?" என்றாள். அந்தக் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தைரியம் போவதற்கு முன்னால், என் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று திட்டம் போட்டிருந்தேன். வாத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு பேச வேண்டிய நிலைமை என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

ஊருக்குத்தான் கார்ட்டூன் கட். ஆனால் கன்ட்ரோல் ரூமில் இரண்டு சின்ன டிவி உண்டு. ஒன்றில் வானத்திலிருந்து இறங்குவது தெரியும், மற்றதில் நாங்கள் ஊருக்கு அனுப்புவது தெரியும். மரக்காணத்தில் வாத்தின் கல்யாணத்தைப் பார்க்க ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கோடியையும் அங்கே வரச் சொன்னேன். அண்ணன் எங்கோ வயர் கட்டப் போயிருந்தார்.

பத்து மணிக்கு ஒயரைப் பிடுங்கி வீசிடி பிளேயரில் செருகினேன். இடது பக்க டிவியில் வாத்து டீச்சர் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் நாதஸ்வரம், தோரணம், பட்டு வேட்டியில் கலியபெருமாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கோடி கதவோரம் நின்றாள். சொல்ல வாயைத் திறந்து, "சவுண்டு பத்துதாம்மா?" என்று கேட்டு மூடிக்கொண்டேன்.

பதினைந்து நிமிடம் போயிருக்கும். வலது பக்கத்தில் ஒரு கழுதைக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிவந்தது. மணமேடையை ஒரு சுற்று சுற்றியது. பிறகு நேராக மாப்பிள்ளையிடம் போய், வேட்டிக்குள் தலையை விட்டு, பால் குடிக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை நின்று நிதானமாகக் கொடுத்தது. அன்றைக்குப் பந்தலில் கூட்டத்துக்கு முதுகும் கழுத்தும்தான் தெரிந்திருக்கும். அண்ணனின் கேமரா எதையும் விடவில்லை, கிட்டக்கூடப் போய் எடுத்திருந்தது.

போன் அடித்தது. ஒரு சின்னக் குரல். "அக்கா, மாப்ளைக்கு மடி இருக்குதுக்கா!"

வைத்தவுடன் அடுத்தது. "அக்கா, ரெண்டுமே பொண்ணா?" பின்னால் ஒரு வீடே சிரித்துக்கொண்டிருந்தது. ஆறாவது போன் கலியபெருமாள்.

"ஏம்மா, நிறுத்து அத்த! மானம் போவுது!"

"நிறுத்திட்டு என்னா போடறது சார்?"

"எதனா போடு!"

"அந்த சேனல்ல இப்ப வாத்து டீச்சர் கல்யாணம்தான் சார் ஓடுது."

"அய்யோ, எத வேணா போடுமா! மொதல்ல கழுதய எடு!"

முதலாளி உத்தரவு. ஒயரை மாற்றிச் செருகினேன். இரண்டு டிவியிலும் கரடி, வாத்தின் இறகில் மோதிரம் போட்டது. தெருக்கோடி வரைக்கும் பிள்ளைகள் கத்தியது எங்களுக்குக் கேட்டது.



"கழுத ரெண்டும் பொண்ணுன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

"வேட்டி கட்டுனவளுக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா கல்யாணத்த நிறுத்திடுவாங்க. அதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு ஒரசிக்கினு நின்னுதுங்க. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "பதினொன்றரைக்கு வர்றவங்கள வரவேணாம்னு சொல்லிடும்மா. நானும் கோடியும்..." என்றேன். மிச்சத்தை அழுகை சொன்னது. கோடி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பயந்திருந்தாள், ஆனாலும் நின்றாள்.

அம்மா அவளுடைய காலைப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் வெடித்த கால். அம்மாவுக்கும் அதே கால்தான்.

"எனக்கு இதெல்லாம் புரியலடி, அருளு," என்றாள். "புரிஞ்ச மாதிரி நடிக்கவும் வராது." பிறகு போனை எடுத்து வானூருக்குச் சுழற்றினாள். பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது, இப்போது வராதீர்கள் என்று கூசாமல் புளுகினாள். வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கெழமைய நான் பாத்துக்கினேன். அடுத்த ஞாயித்துக்கெழமைய நீங்க ரெண்டு பேரும்தான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டோம். வானூர்க்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். கோடி ஆடியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊர் கேட்டதற்கு, "பொண்ணுக்குத் துணையா இருக்கட்டும்னு வரச் சொன்னேன்" என்றாள். ஊர் தலையாட்டியது. கண்ணெதிரில் இருப்பதைப் பார்க்காமல் இருப்பதில் எங்கள் ஊருக்கு நல்ல பழக்கம் உண்டு.

அந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் பெய்த மழை யாரும் கண்டதில்லை. அளமெல்லாம் ஏரி. குவித்து வைத்த உப்பு குவியல் குவியலாகக் கரைந்து ஓடியது. கலியபெருமாள் சொட்டச் சொட்ட நனைந்து கேபிள் ஆபீசுக்கு வந்தார். அம்மா எனக்கும் கோடிக்கும் சோறு கொண்டுவந்து, ஒரே இலையில் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் நான் பண்ணதுக்கே பத்து நாள் ஆச்சு மழ வர. இந்த வருசம் எவன் கல்யாணம் பண்ணி வெச்சான்? இந்த ஊத்து ஊத்துது! மாரியம்மா, உனக்குத் தெரியுமா? எவன் ஊட்டுக் கழுத?"

அம்மா நிமிரவில்லை. எனக்கு ஒரு உருண்டை, கோடிக்கு ஒரு உருண்டை வைத்தாள்.

"கழுதைக்கு யாரும் பண்ணலீங்க," என்றாள்.