மாப்பிள்ளை வண்டிக்கு நியூட்ரல் விழவில்லை

என் தங்கை புருஷன் பாக்கருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். நிறுத்தத்தான் தெரியாது. ஓட்டுவது என்ன பெரிய காரியம், முறுக்கினால் கழுதை கூட ஓடும். வாசலில் வந்து நின்றதும் கியரை நியூட்ரலில் போட வேண்டும் அல்லவா, அது அவன் காலுக்கு அகப்படாது. முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவில் டக்கு டக்கென்று மிதித்துக்கொண்டே இருப்பான். கிளட்ச்சைப் பிடித்த கை கடுக்கும். பிடி கொஞ்சம் தளர்ந்ததும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, எங்கள் வேலிப் படலில் முட்டி அணைந்து போகும். அப்புறம் அதை உதைத்துக் கிளப்புவதற்குள் சட்டை நனைந்துவிடும்.

மாப்பிள்ளையை 'அவர்' என்று சொல்ல வேண்டும். வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். மனசுக்குள் அன்றைக்கும் இன்றைக்கும் 'அவன்'தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பெரியபட்டினத்தில் எங்கள் வகைக் குடும்பங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். வந்தவருக்குத் தனி அறை, இலவம்பஞ்சு மெத்தை, வேளை தவறாமல் கறி. அவர் இருமினால் வீடே எழுந்து நிற்கும். என் புருஷன் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வந்தால் தூங்குவார், திரும்பிப் போவார். அதனால் காலிதாவாகிய எனக்கு மாப்பிள்ளைத் தொந்தரவு கிடையாது. நஃபீசா தலையில் விழுந்தது பாக்கர்.

வண்டி வாப்பா கொடுத்த சீர்தான். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி, பல கை மாறி, கல்யாணத்தன்று மல்லிகைச்சரம் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. வந்த புதிதில் ஒழுங்காகத்தான் நின்றது. ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு பிடித்தது இந்த நோவு. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒரு நாள், சோறு உண்டு கை கழுவிவிட்டு, வாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"ஓட்டை வண்டியக் குடுத்து ஏமாத்திட்டீக மாமா. புது வண்டி வாங்கிக் குடுங்க. இல்லாட்டி நான் கீழக்கரையில எங்க உம்மா வீட்டுக்குப் போறேன்."

நஃபீசா வயிற்றில் பிள்ளை. வாப்பாவுக்கு முகம் செத்துப்போனது. எங்களுக்கு இருந்தவை இரண்டு வள்ளம். ஒன்று இவன் கல்யாணத்திலேயே கரைந்தது. மிச்சம் இருப்பதை விற்றால்தான் புது வண்டி. அந்த வள்ளத்தைக் கடலுக்கு எடுத்துப் போகிற ராக்கப்பனுக்கும் அவனோடு வலை இழுக்கிறவர்களுக்கும் அதை விட்டால் பிழைப்பு இல்லை. எங்களுக்கு மட்டும் வேறு என்ன இருந்தது? அப்படியும் வாப்பா வேதாளைக்கு ஆள் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வள்ளத்தைப் பார்க்க அங்கிருந்து ஒருவர் வருவதாகப் பேச்சு.

"வண்டிக்கு என்ன நோவுன்னு பாக்காம வள்ளத்த விக்கப் போறீகளா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வாய் விட்டுக் கேட்டுட்டாரேம்மா."

"நாளைக்குப் பள்ளிவாசல் மினாராவக் கேப்பாரு. அதையும் பேத்துக் குடுங்க."

வாப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். புயலில் கூட வள்ளத்தை விட்டுக் குதிக்காத மனுஷர் என்று ஊரெல்லாம் பேச்சு. வீட்டுக்குள் ஒரு பொடியனைக் கண்டு அவர் இப்படி ஒடுங்கியதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் நானே ராக்கப்பனை ராமநாதபுரத்துக்கு அனுப்பி, பஸ் ஷெட்டில் வேலை பார்க்கும் பொன்னுச்சாமி என்ற பிட்டரைக் கூட்டி வரச் சொன்னேன்.

பொன்னுச்சாமி வந்தார். பிட்டர் என்றால் ஏதோ வேலை செய்வார் என்று நினைத்தேன். பேசினார். எந்தெந்த ஜமீனில் எந்தெந்தக் காரைக் கழற்றினார், எந்தத் துரை அவர் தோளைத் தட்டினார் என்று தேத்தண்ணி ஆறுகிற வரைக்கும் பேசினார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, கிளட்ச் கம்பி தொங்கிவிட்டது என்றார். முறுக்கி இறுக்கினார். பாக்கர் ஏறி உட்கார்ந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வாசலில் நின்று டக்கு டக்கென்று மிதித்தான். வண்டி துள்ளியது, படலில் முட்டியது, அணைந்தது.

பொன்னுச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கியர்ப் பெட்டி போச்சு. மெட்ராஸ்ல சொல்லித்தான் வரவழைக்கணும். அதுக்குப் புது வண்டியே எடுத்துரலாம்."

"நான் சொன்னேன்ல மாமா," என்றான் பாக்கர். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்று கூடப் பார்க்கவில்லை.

நான் கதவு இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உலகம் அந்த இடுக்கு அகலம்தான். ஆனால் அதில் தெரிவது நன்றாகத் தெரியும். வண்டி அணைந்து கிடக்கும்போது ராக்கப்பன் அதை முன்னும் பின்னும் லேசாக அசைப்பான். பாக்கர் நுனிக்காலால் தொடுவான், கியர் சொன்னபடி கேட்டு நியூட்ரலில் விழும். ஓடும்போதுதான் முரண்டு. கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்.

"பெட்டி கெட்டிருந்தா எப்பவும்ல விழக் கூடாது. அணைஞ்சு கெடக்கையில மட்டும் எப்பிடி விழுது?"

பொன்னுச்சாமி கதவை முறைத்தார். கதவு அவரிடம் கேள்வி கேட்டதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் குனிந்தார்.

"அப்ப கிளட்ச்சு விடலை," என்றார், தானே கண்டுபிடித்தது போல. "பிடிச்சா உள்ள தட்டு எல்லாம் ஒண்ண விட்டு ஒண்ணு வெலகணும். வெலகலைன்னா இஞ்சின் கியரை இறுக்கிப் பிடிச்சுக்கிரும். கியர் எங்கிட்டும் நகராது."

பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். கழற்றியதும் நாற்றம் குப்பென்று முற்றம் வரைக்கும் வந்தது. தெருப் பூனைகள் இரண்டு எங்கிருந்தோ வந்து வண்டிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டன. அந்த நாற்றத்துக்கு எங்கள் ஊரில் விளக்கம் தேவையில்லை. சுறா எண்ணெய். சுறாவின் ஈரலைக் காய்ச்சி இறக்கி, மரம் உளுக்காமல் இருக்க வள்ளத்துக்குப் பூசுவோம். கடற்கரையில் எது கிறீச்சிட்டாலும் அதைத்தான் தடவுவோம், வண்டி அச்சு, கிணற்று ராட்டினம், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும். ஆனால் சூட்டில் அது பிசினாக இறுகும். பொன்னுச்சாமி வெளியே எடுத்த தட்டுகள், அடுக்கி வைத்து மறந்துபோன ஆப்பங்களாக ஒட்டிக் கிடந்தன. கத்தியை விட்டு நெம்பினார்.

"இதுல மீன் எண்ணெய ஊத்துன மகராசன் யாரு?"

பாக்கர் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், பிறகு ராக்கப்பனைப் பார்த்தான்.

"ஏலே ராக்கப்பா, நீதான. வள்ளத்துக்குப் பூசுன மிச்சத்த இதுல ஊத்திருக்கே."

ராக்கப்பன் எங்களைத் தோளில் தூக்கி வளர்த்தவன். இவன் வாயிலிருந்து 'ஏலே' வரும்போதெல்லாம் எனக்கு ஒரு செருப்பு கையில் இருந்தால் தேவலை என்று தோன்றும்.

"நான் இந்த வண்டிய அசைச்சுக் குடுத்ததோட சரி சின்ன மொதலாளி, எண்ணெய் ஊத்துனதில்ல," என்றான் ராக்கப்பன்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

வாப்பா நடுவில் வந்தார். இவராவது நியாயத்தைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"விடு ராக்கா. தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. மாப்பிள்ளைக்கு மனசு ஆறட்டும்."

ராக்கப்பன் வாப்பாவையே பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தான். சொல்லிவிடுவான் போலிருந்தது. வாப்பாவுக்காக அவன் எதையும் சொல்வான்.

அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற நஃபீசா கதவைத் திறந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி, ஆண்கள் நிற்கிற வாசலுக்கே போனாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒருத்தியும் அப்படிப் போனதில்லை.

"நான்தான் புனலப் பிடிச்சேன் வாப்பா. எண்ணெய் கொறஞ்சுபோச்சுன்னு ஊத்துனது இவுகதான். இது வள்ளத்துக்குப் பூசுறதுல்ல, வண்டிக்கு ஊத்தலாமான்னு கேட்டேன். கடலுக்கே தாங்குறது வண்டிக்குத் தாங்காதா, ஒனக்கு என்ன தெரியும்னு அதட்டுனாக."

பொன்னுச்சாமி சிரிப்பை இருமலாக்கி இருமினார். பாக்கரின் காது சிவந்தது.

"அந்நிய ஆம்பளைக நிக்கிற எடத்துல வந்து புருஷனப் பத்திப் பேசுறியா?"

"இதே ஆம்பளைக முன்னாடிதான பொய் சொன்னீக. ராக்கப்ப அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள வாங்க. சொல்ல முடியாதுன்னா, வண்டி சரியானதும் கெளம்புங்க."

பொன்னுச்சாமிக்கு அன்றைக்கு முதன்முதலாகப் பேச்சு நின்று வேலை ஓடியது. தட்டுகளை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, தேய்த்து, காய வைத்து, ராமநாதபுரத்திலிருந்து கொண்டுவந்த எண்ணெயை ஊற்றி மூடினார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது வண்டி கிளம்பியது. காலை வைத்தார், நியூட்ரல் விழுந்தது. கையை எடுத்தார். வண்டி தன்பாட்டில் ஓடிக்கொண்டு நின்றது.

பாக்கர் ராக்கப்பன் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய்த் தொப்பியையும் ஒரு பையையும் எடுத்து வந்தான், ஏறி உட்கார்ந்தான், போனான். தெருமுனை வரைக்கும்தான் போனான். அங்கே நின்றுகொண்டான்.

அவன் அங்கே நின்றதற்குக் காரணம் உண்டு. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு கிளம்பினால் மாமனார் பின்னாலேயே ஓடி, தெருமுனைக்குள் பிடித்து, கையைத் தொட்டு அழைத்து வர வேண்டும். ஊரில் அதுதான் வழக்கம். முனையைத் தாண்டிவிட்டால் அப்புறம் பஞ்சாயத்து, ஜமாஅத், ஊர்ச் சிரிப்பு. வண்டி முன்பு போல இருந்திருந்தால் இந்நேரம் துள்ளி அணைந்திருக்கும். இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடியபடி நிற்கும். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு திமிர் இருந்தால், தன் பின்னால் ஒரு கிழவர் ஓடி வருவார் என்று எதிர்பார்த்து அப்படி நிற்பான்.

வாப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"வாப்பா, உக்காருங்க," என்றாள் நஃபீசா.

"நீ புள்ளத்தாச்சிம்மா. ஊரு என்ன பேசும்?"

"புள்ள எனக்குத்தான பொறக்கப் போகுது. உக்காருங்க."

வாப்பா உட்கார்ந்தார். சத்தம் கேட்டது. பொன்னுச்சாமி பையைக் கட்டினார், ராக்கப்பன் பூனைகளை விரட்டினான், சத்தம் கேட்டது. பிறகு அது கியரில் விழுந்தது, கீழக்கரைப் பக்கமாகப் போய்த் தேய்ந்து, இல்லாமல் போனது.

நஃபீசா அழுதாள். சின்ன அழுகை இல்லை, உடம்பே குலுங்கியது. அவளை அணைத்துக்கொண்டேன். எனக்கு அவன் ஒழிந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அவள் அழுதது சந்தோஷத்தில் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ராக்கப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்களே வேதாளைக்குப் போயிட்டு வாங்க. வெள்ளிக்கெழம அவுக வர வேணாம்னு சொல்லுங்க. வள்ளம் விக்கிறதுக்கு இல்லை."