நனைந்த வட்டம்

கட்டுமானப் பணியிடங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அதிகாரியாக நான் அந்தக் கட்டடப் பணியிடத்துக்குச் சென்றபோது, தூசியை அளக்கும் கருவியைச் சுற்றி மட்டும் தூசி எழாதபடி தரை நனைக்கப்பட்டிருந்தது. எஞ்சிய இடமெங்கும் கல்லறுக்கும் இயந்திரத்தின் புழுதி எழுந்து, மதிலுக்கு அப்பாலிருந்த குடியிருப்புகளின் மேல் படிந்துகொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் என் அக்காளின் கணவர்.

"வாம்மா மச்சினி. அளவெல்லாம் சரியா இருக்கு, பாத்துட்டுக் கிளம்பு."

"கருவியை மட்டும் குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க மாமா. மத்தவங்க மூக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

கருவியைத் தூக்கிச் சென்று மதிலோரத்தில் வைத்தேன். சற்று நேரத்தில் அதன் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வேலையை நிறுத்தினா முதலாளி என்னைத் துரத்திடுவான். என் வயித்துல மண்ணள்ளிப் போடுறியே!"

"நீங்க இத்தனை பேர் நெஞ்சுல போடுறீங்களே, அது என்ன சர்க்கரையா?"

அறுக்கும் இயந்திரத்தை நிறுத்தும்படி கூறினேன், அவர் அசையவில்லை. நானே மின்விசையை அணைத்து, அது இருந்த பெட்டியைப் பூட்டி முத்திரையிட்டேன்.

உடனே அவர் அக்காளைத் தொலைபேசியில் அழைத்து, நான் வேலையை நிறுத்துவதாகச் சொல்லி, அதை என் காதருகே நீட்டினார்.

"அவர் வேலைக்கு வேட்டு வெச்சேன்னா, நீ எனக்குத் தங்கச்சியே இல்லடி!" என்று அக்காள் கத்தினாள்.

"பூட்டியாச்சு அக்கா" என்றேன்.

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.